வேப்பிலையை மடித்துப் பார்த்தீர்களா?

சின்னப் பிள்ளைகளுக்கு வடிவங்களைச் சொல்லித்தருவது பற்றிக் கேள்வி அனுப்புங்கள் என்று போன இதழில் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சமச்சீர் பற்றித்தான் இருந்தன. அதனால் இந்த மாதம் முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டேன். மயிலாடுதுறைப் பக்கம் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் 33 வருஷம் வேலை பார்த்தவள் நான். கீழே எழுதியிருப்பது பெரும்பாலும் அந்த வகுப்பறைத் தரையில் உட்கார்ந்து பார்த்ததுதான்.

என் மகனுக்கு ஐந்து வயது. பள்ளியில் கொடுத்த தாளில் ‘சமச்சீர் வடிவங்களுக்கு வண்ணம் தீட்டு’ என்று இருக்கிறது. சமச்சீர் என்றால் என்ன என்று கேட்கிறான். எப்படிச் சொல்வது?
— வாசகி, திருவாரூர்

சொல்லாதீர்கள் அம்மா, செய்து காட்டுங்கள். ஐந்து வயதுக்கு அந்தச் சொல் இப்போதைக்கு வேண்டியதில்லை. பெரியவர்களுக்கே சமச்சீர் என்றால் பாடத்திட்டம்தான் நினைவுக்கு வருகிறது. 2010-11இல் சமச்சீர்க் கல்வி வந்த பிறகு வீட்டுக்கு வீடு புழங்கிய சொல் அது. குழந்தைக்கு ‘ஒட்டுது’, ‘ஒட்டல’ என்ற இரண்டு சொல் போதும்.

இன்றைக்குச் சாயந்தரமே இதைச் செய்யுங்கள். ஒரு வெள்ளைத் தாளை நடுவில் மடித்து, மடிப்பை நகத்தால் அழுத்தித் தேய்த்துவிட்டுப் பிரியுங்கள். ஆறிய சோற்றுக் கஞ்சியில் கொஞ்சம் மஞ்சள் தூளைக் குழைத்துக்கொள்ளுங்கள். வெறும் தண்ணீரில் கரைத்தால் ஓடிவிடும், கஞ்சி என்றால் நிற்கும். மடிப்புக்கு ஒரு பக்கத்தில் மட்டும், மடிப்பை ஒட்டினாற்போல், அவனையே ஒரு ஸ்பூன் ஊற்றச் சொல்லுங்கள். மடியுங்கள். மேலே அவன் உள்ளங்கையை வைத்துத் தடவட்டும். அப்புறம் மெதுவாகப் பிரிக்கட்டும்.

என் இரண்டாம் வகுப்பில் ஒரு பையன் இப்படிப் பிரித்துப் பார்த்துவிட்டு, தாளைப் பின்பக்கம் திருப்பித் தேடினான். “டீச்சர், இந்தப் பக்கம் நான் ஊத்தவே இல்ல!” என்றான். அந்த நிமிஷத்தில் நான் வாயைத் திறக்கவில்லை. அவனே மறுபடி மடித்தான், பிரித்தான், இன்னொரு தடவை மடித்தான். இந்தப் பக்கத்துக் கொம்பின் மேல் அந்தப் பக்கத்துக் கொம்பு போய் உட்காருவதை ஓரமாகக் குனிந்து பார்த்தான். “ஒட்டுது டீச்சர்” என்றான். பாடம் அவ்வளவுதான், அதை அவனே முடித்துக்கொண்டான்.

உங்கள் மகனும் பிரித்துப் பார்த்த பிறகு ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: “இந்தப் புள்ளி எங்கேருந்து வந்துது?” அவன் மடிப்புக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஜோடியைத் தொட்டுக் காட்டுவான். இரண்டு புள்ளியும் மடிப்பிலிருந்து ஒரே தூரத்தில் இருப்பதை விரலால் அளந்து காட்டலாம். நான்கைந்து நாள் இதையே விளையாடிய பிறகு, மடிப்புக்குச் ‘சமச்சீர்க் கோடு’ என்று பெயர் சொல்லிவிடுங்கள். தெரிந்த பொருளுக்குப் பெயர் வைப்பது குழந்தைக்குச் சிரமமே இல்லை. பொருளைக் காட்டாமல் பெயரை முதலில் கொடுப்பதில்தான் சிக்கல்.

பயிற்சித்தாள் இரண்டு நாள் காத்திருக்கட்டும். அதிலிருக்கிற படங்களையும் வெட்டியெடுத்து மடித்துப் பார்த்த பிறகே வண்ணம் தீட்டட்டும்.

மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள், செவ்வகத்துக்கு மூலைக்கு மூலை கோடு போட்டுச் சமச்சீர்க் கோடு என்று எழுதியிருக்கிறாள். தவறு என்று வந்துவிட்டது. “ரெண்டு பக்கமும் சமமாத்தானே இருக்கு, எப்படித் தப்பாகும்?” என்று அழுகிறாள். எனக்கும் அவள் சொல்வது சரி என்றே படுகிறது.
— வாசகர், ஓசூர்

உங்கள் மகள் கேட்டது நல்ல கேள்வி. மூலைக்கு மூலை வெட்டினால் செவ்வகம் இரண்டு சம முக்கோணமாகும் என்பதில் சந்தேகமே இல்லை. விடைத்தாளில் போட்ட தவறும் நியாயமானதுதான். ஆனால் காரணம் சொல்லாமல் விட்டது குறை. நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே கோட்டுக்குச் சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டுவிட்டு அடுத்த நோட்டுக்குப் போயிருக்கிறேன். அந்தப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய் என்ன நினைத்திருப்பார்கள் என்று இப்போது யோசித்தால் வருத்தமாக இருக்கிறது.

அவளுக்குக் கப்பல் செய்யத் தெரியுமா? ராக்கெட், பூ, கொக்கு ஏதாவது? சதுரத் தாள் வேண்டும் என்கிறபோது நோட்டுத் தாளை என்ன செய்கிறோம்? ஒரு மூலையைப் பிடித்துச் சாய்வாக மடித்து, மேல் விளிம்பைப் பக்கத்து விளிம்போடு சேர்க்கிறோம். கீழே ஒரு பட்டை மிஞ்சுகிறது. அதைக் கிழித்துவிட்டுப் பிரித்தால் சதுரம். இதை எந்தப் பிள்ளைக்கும் யாரும் பாடமாக நடத்துவதில்லை, ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் கற்றுக்கொள்கிறார்கள்.

அந்தக் கிழித்த பட்டையை அவள் கையில் கொடுங்கள். தாள் செவ்வகமாக இருந்தபோது அந்தச் சாய்வு மடிப்புக்கு ஒட்டாமல் மிஞ்சியது அதுதான். சதுரமானதும் மிச்சம் இல்லை, மூலைக்கு மூலை கச்சிதமாக உட்காருகிறது. ஆகவே சதுரத்துக்கு நான்கு சமச்சீர்க் கோடு: நெடுக்கே ஒன்று, குறுக்கே ஒன்று, மூலைக்கு மூலை இரண்டு. செவ்வகத்துக்கு நெடுக்கும் குறுக்குமாக இரண்டே இரண்டு. அவள் போட்ட மூலைக் கோட்டிலேயே ஒரு முழுத் தாளை மடிக்கச் சொன்னால், இரண்டு கூர்முனைகள் இரண்டு பக்கம் நீட்டிக்கொண்டு நிற்பதைப் பார்ப்பாள்.

இதோடு நிறுத்திவிடாதீர்கள். அந்தச் செவ்வகத்தை மூலைக்கு மூலை வெட்டி, ஒரு முக்கோணத்தின் மேல் இன்னொன்றை வைக்கச் சொல்லுங்கள். புரட்டாமல் அப்படியே தட்டையாக, கடிகார முள் மாதிரி அரைச்சுற்றுத் திருப்பினால் பொருந்திவிடும். அவள் கண்டுபிடித்தது வேறொரு பொருத்தம். மடிப்பில் பொருந்துவது ஒரு வகை, சுற்றினால் பொருந்துவது இன்னொரு வகை. ‘சமம்’ என்ற ஒரே சொல்லை இரண்டுக்கும் நாம் வைத்துக்கொண்டு குழந்தையைக் குழப்புகிறோம். ‘ரெண்டு பாதியும் ஒரே அளவு’ என்று சமச்சீருக்கு விளக்கம் சொல்லிக்கொடுக்கிற வீடுகளிலும் பள்ளிகளிலும் இந்த அழுகை வந்தே தீரும். ‘மடித்தால் ஒன்றின்மேல் ஒன்று உட்காரும்’ என்று சொன்னால் வராது.

செல்போனில் சமச்சீர் சொல்லித்தரும் செயலிகள் இருக்கின்றனவாம். ஆறு வயதுப் பெண்ணுக்குக் கொடுக்கலாமா?
— வாசகி, சேலம்

எட்டு ஒன்பது வயதில் பார்க்கட்டும். திரையில் ஒரு பக்கம் கோடு போட்டால் மறுபக்கம் தானாக விழுந்துவிடுகிறது. கையில் மடித்த பிள்ளைக்கு அது வேடிக்கையாக இருக்கும், மடிக்காத பிள்ளைக்கு வெறும் வித்தை. முதலில் தாள்.

வாசலில் பாதிக் கோலத்தை நான் போட்டு, மீதியை ஏழு வயதுப் பேத்தியைப் போடச் சொன்னேன். நான் வரைந்த கிளி எந்தப் பக்கம் பார்க்கிறதோ, அதே பக்கம் பார்த்தபடி அவளும் கிளி வரைகிறாள். மூன்று நாளாக இதே கதை. எப்படித் திருத்துவது?
— பாட்டி ஒருவர், கோயம்புத்தூர்

உங்கள் கடிதத்தைப் படித்து மனசு நிறைந்துபோனது. நான் வகுப்பில் கண்ணாடியும் தாளும் வைத்துச் செய்ததை நீங்கள் வாசலில் கோலமாவு வைத்துச் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

பேத்தி செய்வது எல்லாப் பிள்ளைகளும் செய்வது. கிளி எப்படி இருக்கிறதோ அப்படியே இன்னொன்று போடுகிறாள். பார்த்து எழுது என்று பலகையைப் பார்த்து எழுதவே நாம் பழக்கியிருக்கிறோம் இல்லையா? எதிர்க்கிளி வரைவதற்கு அவள் கிளியைப் பார்த்தால் போதாது, நடுக்கோட்டைப் பார்க்க வேண்டும்.

இரண்டு மாற்றம் செய்து பாருங்கள். இதுவரை அவள் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். இனி நடுவரிசைப் புள்ளிகளுக்கு அந்தப் பக்கம், உங்களுக்கு எதிரே உட்காரட்டும். நடுவரிசையில் ஒரே புள்ளியில் இரண்டு பேரும் விரலை வைத்துத் தொடங்குங்கள். நீங்கள் உங்களை நோக்கி இழுக்கும்போது அவள் தன்னை நோக்கி இழுக்கட்டும். நீங்கள் வாசற்படிப் பக்கம் வளைத்தால் அவளும் வாசற்படிப் பக்கம் வளைக்கட்டும். இரண்டு கோடும் சேர்ந்தே வளர்வதைப் பார்க்கும்போது கிளி தானாக எதிர்க்கிளியாகிவிடும்.

அடுத்தது, புள்ளியை எண்ணுவது. “அலகு எங்க இருக்கு? நடுவிலேருந்து ரெண்டாவது புள்ளி. அப்ப உன் பக்கமும் நடுவிலேருந்து ரெண்டாவது புள்ளி.” இடது வலது என்று சொல்லவே வேண்டாம். ஏழு வயதில் இடது வலது தன் உடம்புக்கே சில நேரம் தடுமாறும். நடுவிலிருந்து எவ்வளவு தூரம் என்பது தடுமாறாது. கிளியை விட்டுவிட்டு மூன்று புள்ளி மூன்று வரிசையில் தொடங்கினால் இன்னும் சுலபம்.

அவள் கொஞ்சம் தேறியதும் 7 புள்ளி, 4 வரை ஊடு புள்ளி வையுங்கள். நான்கு, ஐந்து, ஆறு, ஏழு, மறுபடி ஆறு, ஐந்து, நான்கு. கூட்டச் சொல்லுங்கள், 37 வரும். புள்ளிகளைச் சம தூரத்தில் வைத்தால் அது அறுகோணம். அதில் ஒரு நட்சத்திரமோ தாமரையோ போட்டுவிட்டு அவளைக் கோலத்தைச் சுற்றி நடக்க விடுங்கள். ஆறு இடத்தில் நின்று பார்த்தாலும் கோலம் ஒரே மாதிரி தெரியும். தரையை மடிக்க முடியாது, அதனால் ஒரு தென்னங்குச்சியைக் கோலத்தின் குறுக்கே வைத்து, குச்சிக்கு இரண்டு பக்கமும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கட்டும். மூலைக்கு மூலை மூன்று, விளிம்புக்கு விளிம்பு மூன்று என ஆறு இடத்தில் குச்சி சரியாக உட்காரும்.

சிக்குக் கோலத்தையும் விட்டுவிடாதீர்கள். சில சிக்குக் கோலங்கள் குச்சி வைத்தால் எங்குமே ஒத்துப்போகாது, ஆனால் கால்சுற்றுச் சுற்றி நின்று பார்த்தால் அதே கோலம். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் இருந்த கிஃப்ட் சிரோமணியும், ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோரும் 1974இல் கோலங்களை வைத்தே கணிப்பொறிக்கான பட இலக்கணம், அதாவது படத்தை உருவாக்கும் விதிகள், பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். வாசலில் பெண்கள் தினமும் போட்டுப் பெருக்கித் தள்ளும் கோலத்தில் அவ்வளவு கணக்கு இருப்பதை அவர்கள் பார்த்தார்கள். இதைப் பேத்தியிடம் சொல்லுங்கள். பாட்டியிடம் கற்றுக்கொள்வது கணக்கு என்று அவளுக்கும் தெரியட்டும்.

என் மகள் யு.கே.ஜி. படிக்கிறாள். 3, 7, ட எல்லாவற்றையும் திருப்பிப்போட்டு எழுதுகிறாள். போன மாதம்தான் கண்ணாடி வைத்துச் சமச்சீர் விளையாட்டு கற்றுக்கொடுத்தேன். அதனால் வந்த குழப்பமா?
— தந்தை ஒருவர், புதுச்சேரி

கண்ணாடியால் வரவில்லை தம்பி, கவலைப்படாதீர்கள். ஆறு, ஏழு வயது வரை பிள்ளைகள் இப்படித் திருப்பி எழுதுவது சர்வ சாதாரணம்.

அவள் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். பிறந்ததிலிருந்து அவள் பார்த்த பூனை, இந்தப் பக்கம் போனாலும் பூனைதான், அந்தப் பக்கம் போனாலும் பூனைதான். டம்ளரின் கைப்பிடி எந்தப் பக்கம் இருந்தாலும் டம்ளர்தான். திடீரென்று எழுத்து என்று ஒன்றைக் கொண்டுவந்து, இது இந்தப் பக்கம் பார்த்தால் மட்டுமே சரி என்கிறோம். ஆங்கிலத்தில் இன்னும் கஷ்டம். சின்ன எழுத்தில் b, d, p, q என்று ஒரே குச்சியையும் ஒரே வட்டத்தையும் நான்கு விதமாக வைத்து நான்கு பெயர் சொல்கிறோம். குழந்தை தடுமாறாமல் என்ன செய்யும்?

சமச்சீர் விளையாட்டே இதற்கு உதவி செய்யும். ஒரு அட்டையில் எழுத்துகளைப் பெரிதாக எழுதி, பக்கத்தில் கண்ணாடியை நிறுத்தி, எது மாறுகிறது, எது மாறவில்லை என்று பிரிக்கச் சொல்லுங்கள். தமிழில் ‘ப’ மாறாது, ஆய்த எழுத்து மாறாது. மற்றவை அநேகமாக எல்லாமே திரும்பிக்கொள்ளும். கொ என்ற எழுத்தில் க-வுக்கு இரண்டு பக்கமும் காவல் இருக்கிறதே என்று பார்த்தால், ஒரு பக்கம் கொம்பு, மறுபக்கம் கால். எண்களில் 0, 8 இரண்டும் மாறாது, 3 திரும்பிவிடும். ஆனால் அதே 3க்குத் தலையில் கண்ணாடியை நிறுத்தினால், மேலும் கீழும் ஒத்துப்போவதைப் பார்க்கலாம். ‘திரும்பிக்கொள்ளும் எழுத்து’ எது என்று அவளுக்கே தெரிந்துவிட்டால், அதை எழுதும்போது கொஞ்சம் நின்று யோசிப்பாள்.

தட்டில் மணல் அல்லது ரவை பரப்பி, எழுத்து தொடங்கும் இடத்தில் ஒரு புளியங்கொட்டையை வைத்து, அங்கிருந்து விரலை இழுக்கச் சொல்லுங்கள். திருப்பி எழுதினால் அடிக்காதீர்கள், நூறு தடவை எழுதவும் சொல்லாதீர்கள். எட்டு வயதுக்கு மேலும் இது நீடித்து, வாசிப்பதிலும் ரொம்பத் தடுமாறினால் அப்போது கற்றல் குறைபாடு தெரிந்த நிபுணரிடம் காட்டுங்கள். யு.கே.ஜி.யில் அந்தப் பயம் வேண்டாம்.

தெருவில் ஆம்புலன்ஸ் போனால் காட்டுங்கள். முன்பக்கத்தில் அதன் பெயரைத் திருப்பி எழுதியிருப்பார்கள். முன்னால் போகிற வண்டிக்காரர் தன் கண்ணாடியில் பார்த்தால் நேராகத் தெரியவேண்டும் என்பதற்காக. திருப்பி எழுதுவதற்கும் ஒரு இடம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியட்டும்.

ஈராசிரியர் பள்ளியில் வேலை செய்கிறேன். சமச்சீருக்குப் பட்டாம்பூச்சி, கோபுரம் என்று நிறைய உதாரணம் இருக்கிறது. சமச்சீர் இல்லாததற்குக் கோணல்மாணலாக ஒரு வடிவம் வரைந்து காட்டுகிறேன். பிள்ளைகள், “சமச்சீர்னா அழகு, இல்லன்னா அசிங்கம்” என்று சொல்கிறார்கள். மாற்றுவது எப்படி?
— ஆசிரியை, தருமபுரி மாவட்டம்

இந்த மாதம் வந்ததில் நான் அதிக நேரம் வைத்துக்கொண்டு யோசித்தது உங்கள் கடிதம்தான். நாம் பட்டாம்பூச்சியை ஒரு பக்கமும் கிறுக்கலை ஒரு பக்கமும் வைத்தால் பிள்ளைகள் வேறு எப்படிச் சொல்வார்கள்? சமச்சீர் இல்லாததற்கு நல்ல பொருள்களைத் தேடிக் கொடுக்க வேண்டும். அது நம் வேலை.

எனக்கு இதைக் காட்டியது ஒரு வேப்பிலை. இலைகளைப் பொறுக்கி வரச் சொல்லி, நடு நரம்போடு மடித்து, ‘ஒட்டும்’, ‘ஒட்டாது’ என்று இரண்டு குவியலாகப் பிரிக்கச் சொல்லியிருந்தேன். பூவரசு, அரசு, வெற்றிலை எல்லாம் ஒட்டும் குவியலுக்குப் போயின. வேப்பிலையையும் பார்க்காமலே அதில் போடப் போனேன். ஒரு பெண் என் கையைப் பிடித்தாள். “மடிக்கவே இல்லையே டீச்சர்.” மடித்தோம். ஒட்டவில்லை.

நீங்களும் ஒன்றை எடுத்துப் பாருங்கள். காம்பு சேருகிற இடத்தில் ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் ஒல்லி. நடு நரம்பே அரிவாள் மாதிரி வளைந்துதான் ஓடும். இத்தனை வருஷம் தலைமாட்டில் சொருகி, அம்மைக்கு விரித்து, வாசலில் கட்டி, நான் ஒரு தடவை கூடக் கவனித்ததில்லை. அதோடு விடாமல் அந்தப் பெண் முழு ஈர்க்கையும் கொண்டுவந்தாள். ஈர்க்கின் இடப்பக்க இலையும் வலப்பக்க இலையும் எதிரெதிராக வளைந்திருந்தன. தனித்தனியாக எந்த இலையும் சமச்சீர் இல்லை, ஈர்க்கு முழுவதையும் பார்த்தால் கிட்டத்தட்டச் சமச்சீர். பிள்ளைகளுக்கு அன்றைக்கு அது பெரிய கொண்டாட்டம். எந்தக் குவியலில் போடுவது என்று மதியச் சாப்பாட்டு மணி வரை சண்டை போட்டார்கள். நான் தீர்ப்புச் சொல்லவில்லை.

வேப்பிலையை அசிங்கம் என்று சொல்ல எந்தப் பிள்ளைக்கு மனசு வரும்? அதிலிருந்து தொடங்குங்கள். உங்கள் புடவையைக் காட்டுங்கள்: முந்தானை ஒரு தோளில்தான். பையன்களின் சட்டையைக் காட்டுங்கள்: கை, காலர் எல்லாம் ஜோடி, பாக்கெட் மட்டும் இடப்பக்கம் ஒன்று. சங்கு கிடைத்தால் இன்னும் நல்லது. அதை எங்கே வெட்டினாலும் இரண்டு பாதி ஒத்துப்போகாது. இடம்புரிச் சங்கைக் கண்ணாடியில் காட்டினால் வலம்புரி தெரியும். மீன் சாப்பிடுகிற ஊர் என்றால் நாக்கு மீனைக் கேட்டுப் பாருங்கள், இரண்டு கண்ணும் ஒரே பக்கத்தில் இருக்கும். கடலடி மணலில் ஒருக்களித்துப் படுத்துக் கிடக்கிற மீனுக்குக் கீழ்ப்பக்கம் கண் எதற்கு? பிச்சாவரம் சேற்றில் ஒரு நண்டு உண்டு, ஆண் நண்டுக்கு ஒரு கொடுக்கு மட்டும் பெரிசு. அதை ஆட்டித்தான் பெண் நண்டைக் கூப்பிடும். நம் உடம்பே வெளியில் ஜோடி ஜோடி, உள்ளே இதயம் இடப்பக்கம் சாய்ந்தும் கல்லீரல் வலப்பக்கமும் இருக்கிறது. ‘ஏன் அப்படி?’ என்று பிள்ளைகள் கேட்க ஆரம்பித்தால் அழகு, அசிங்கம் பேச்சு தானாக மறைந்துவிடும்.

தேசியக் கொடியையும் ஒரு நாள் எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் செவ்வகமாகப் பார்த்தால் இரண்டு சமச்சீர்க் கோடு. நிறத்தையும் கணக்கில் எடுத்தால், மேலே காவி, கீழே பச்சை, அதனால் குறுக்குக் கோடு போய்விடும், நடுவில் மேலிருந்து கீழாக வரும் ஒன்று மட்டும் நிற்கும். எதைக் கணக்கில் எடுக்கிறோம் என்று முதலிலேயே பேசி முடிவு செய்ய வேண்டும் என்பதை இதைவிட நன்றாகக் காட்டும் பொருள் எனக்குக் கிடைத்ததில்லை. சக்கரத்தின் 24 ஆரங்களையும் எண்ணச் சொல்லுங்கள்.

கண்ணாடிக்குச் செலவு வேண்டாம். பழைய சிடியின் பளபளப்பான பக்கம் போதும். ஒருவேளை கண்ணாடித் துண்டு கிடைத்தால் ஓரம் முழுக்க இன்சுலேஷன் டேப் ஒட்டிவிட்டுக் கொடுங்கள். அதை மறந்துவிடாதீர்கள்.

நான் நாலாம் வகுப்பு படிக்கிறேன். தென்னை ஓலையில் தாத்தா காத்தாடி செய்து கொடுத்தார். அதை எப்படி மடித்தாலும் ஒட்டவில்லை. ஆனால் பார்க்க ஒழுங்காக இருக்கிறது. அதற்குச் சமச்சீர் இருக்கிறதா, இல்லையா?
— மாணவன், பட்டுக்கோட்டை

கண்ணு, நீ மடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறாய். அதுவே எனக்கு ரொம்ப சந்தோஷம்.

உன் காத்தாடிக்கு நான்கு கை இருக்கும். ஒரு கையில் மட்டும் பேனாவால் ஒரு புள்ளி வை. தங்கையையோ நண்பனையோ கண்ணை மூடச் சொல்லிவிட்டு, அடுத்த கை இருக்கிற இடத்துக்கு அந்தக் கை வரும்படி கால்சுற்றுத் திருப்பு. புள்ளியை விரலால் மறைத்துக்கொண்டு, “நான் திருப்பினேனா இல்லையா?” என்று கேள். அவர்களால் சொல்ல முடியாது. மடித்தால் ஒட்டாது, சுற்றினால் ஒட்டும். இதற்குச் சுழல் சமச்சீர் என்று பெயர். ஒரு முழுச் சுற்றுக்குள் உன் காத்தாடி நான்கு தடவை ஒட்டும்.

கண்ணாடிக்கு முன்னால் காத்தாடியைப் பிடித்துப் பார். கண்ணாடிக்குள் இருப்பதன் கைகள் எதிர்ப்பக்கம் வளைந்திருக்கும். கைகள் அப்படி ஒரே பக்கமாக வளைந்திருப்பதால்தான் காற்று தள்ளும்போது அது சுற்றுகிறது. தாத்தாவிடம் எதிர்ப்பக்கம் வளைகிற மாதிரி இன்னொன்று செய்யச் சொல்லி, இரண்டையும் ஒரே காற்றில் பிடித்துப் பார். அது எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று நீயே எனக்குச் சொல்.

செடியிலும் காத்தாடி இருக்கிறது. ஒற்றை நந்தியாவட்டைப் பூ ஒன்றைப் பறித்துக்கொள். ஐந்து இதழும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கும். அதற்கு ஒரு சுற்றில் எத்தனை தடவை ஒட்டும் என்று எண்ணு. அப்புறம் ஒரு சங்குப்பூ. அதைச் சுற்றிப் பார், பிறகு மடித்துப் பார். கடைசியாக ஒற்றைச் செம்பருத்தி. அதன் இதழ்கள் ஒன்றின்மேல் ஒன்று எப்படி ஏறியிருக்கின்றன என்று அடியிலிருந்து பார்க்க வேண்டும், அவசரப்படாதே. மூன்று பூவுக்கும் பதில் எழுதி அனுப்பு, அடுத்த இதழில் போடுகிறேன்.